காயில்கடை அண்ணன் மறைவு: அவர் கட்டிய மோட்டார்களும் நாம் வைத்த பாக்கியும்

கிணற்றுமேட்டான் (சுல்தான்பேட்டை பக்கம்) எழுதியது:

நம் பக்கத்துத் தோட்டங்களில் மோட்டார் எரிந்தால் முதலில் யாரிடம் ஓடுவோமோ, அந்த மனிதர் சென்ற வாரம் காலமானார். இரவு உணவுக்குப் பிறகு நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லிப் படுத்தவர் விடியற்காலையில் எழவில்லை. பெயரைப் பொதுவில் எழுத அவருடைய வீட்டாரிடம் நான் அனுமதி கேட்கவில்லை. ஆகவே, மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுருளான காயிலைப் புதிதாகக் கட்டித் தரும் கடை வைத்திருந்த அவரை, நாம் எல்லோரும் அழைத்தபடி காயில்கடை அண்ணன் என்றே எழுதுகிறேன். பல்லடத்துக்கும் சூலூருக்கும் இடையே தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அதற்கு மேல் அடையாளம் தேவைப்படாது.

நான் அவரை முதன்முதலில் பார்த்தது 1991 கோடையில். எங்கள் அப்பாரு (தாத்தா) காலத்தில் வெட்டிய திறந்த கிணற்றில் 3 எச்.பி. மோட்டார் ஒன்று இருந்தது. வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது அது உறுமிக்கொண்டே நின்று, புகைந்து, அடங்கிவிட்டது. கழற்றி டி.வி.எஸ். 50 வண்டியின் பின்னால் கயிறு போட்டுக் கட்டி அவருடைய கடைக்குக் கொண்டுபோனேன். கல்லூரி முடித்து வந்த திமிரில், "மோட்டார் மட்டமான சரக்கு, வேறு வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன்" என்றேன். அவர் பதில் சொல்லாமல் மூடியைக் கழற்றி, ஸ்டேட்டரை (காயில் பதிந்திருக்கும், சுழலாத வெளிப்பகுதி) வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, என் தலையைப் பிடித்து உள்ளே பார்க்க வைத்தார். காயில்களில் இரண்டு வரிசை கரியாகியிருந்தன. ஒரு வரிசை மட்டும் புதிதாகச் சுற்றியதுபோலத் தேன் நிறத்தில் இருந்தது. "ரெண்டு பேஸ் வெந்துருக்குது, ஒண்ணு புதுசாட்டம் இருக்குது, பாத்தீங்களா? மோட்டாரு மேல தப்பு இல்லீங்க. கம்பத்துல ஒரு பியூஸ் போயிருக்கோணும். அதப் பாக்காம புது மோட்டாரு வாங்குனா அதுவும் இப்பிடித்தான் வேகும்" என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தால், கம்பத்தில் நடுவிலிருந்த பியூஸ் கம்பி அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது.

புது மோட்டார் வாங்கச் சொல்லியிருந்தாலும் நான் வாங்கியிருப்பேன். அவருக்குத் தெரிந்த கடையிலிருந்து கமிஷனும் கிடைத்திருக்கும். அவர் காயில் கட்டிக் கொடுத்தார். எடுத்த பழைய கம்பியைச் சாக்குப்பையில் போட்டு, தராசில் நிறுத்துக் காட்டி, என்னிடமே திருப்பிக் கொடுத்தார். எரிந்த செம்பு என்ன விலைக்குப் போகும் என்பதும், பல கடைகளில் அது திரும்பி வராது என்பதும் இந்த இணைய உரையாடல் இழையில் உள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பழக்கம் 30 ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. என் திருமணத்துக்கு முதல் நாளே வந்து பந்தலுக்கு வயர் இழுத்தார். என் தகப்பனார் படுக்கையில் கிடந்த காலத்தில் வாரம் ஒரு முறை வந்து, மோட்டாரைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போவார். நோயைப் பற்றி ஒரு சொல்கூடக் கேட்க மாட்டார். அப்பாவுக்கு அது பிடித்திருந்தது.

அவரை அறிந்தவர்கள் தங்கள் நினைவில் இருப்பதை இங்கே எழுதுங்கள். இன்னொரு செய்தியும் உண்டு. கடையில் நான்கு மோட்டார்கள் வேலை முடியாமலும் உரியவர் தெரியாமலும் கிடக்கின்றன. உங்களுடையது என்றால் தெரிவியுங்கள்.

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி சாலை) எழுதியது:

செய்தியை இங்கேதான் பார்க்கிறேன். நெஞ்சு கனக்கிறது. சென்ற மாதம்தான் எங்கள் சாளை (தோட்டத்து வீடு) திண்ணையில் உட்கார்ந்து இளநீர் குடித்துவிட்டுப் போனார். சாயங்காலம் விரிவாக எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற வயர்மேன் எழுதியது:

கிணற்றுமேட்டான் எழுதிய காயில் நிறத்தைப் பற்றி ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். இளைய தலைமுறைக்கு இது பயன்படும், அவரைப் பற்றிச் சொல்வதற்கும் இதுவே நல்ல வழி.

மின்சாரம் வரும் மூன்று பேஸில் (முனையில்) ஒன்று அறுந்தால், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் உடனே நிற்காது. மீதி இரண்டு கம்பிகள் வழியே கூடுதல் மின்சாரத்தை இழுத்துக்கொண்டு உறுமியபடி சுமையைத் தள்ளப் பார்க்கும். ஸ்டார் இணைப்பில் (மூன்று காயில்களின் ஒரு நுனி ஒன்றாகச் சேரும் முறை) இருக்கும் சிறிய மோட்டாரானால் இரண்டு பேஸ் காயில்கள் கருகும், ஒன்று தப்பும். 5 எச்.பி., 7½ எச்.பி. மோட்டார்களில் பெரும்பாலும் டெல்டா இணைப்பு (மூன்றும் முக்கோணமாகச் சேரும் முறை). அவற்றில் நேர்மாறாக ஒரு பேஸ் மட்டும் கரியாகி, இரண்டு நன்றாக இருக்கும். மூன்றும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் சுமை அதிகம், அல்லது வோல்டேஜ் குறைவு. ஓரிடத்தில் மட்டும் பொத்தலாக உருகியிருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கும், அல்லது இன்சுலேஷன் தாள் நைந்திருக்கும். இவையெல்லாம் புத்தகத்தில் உள்ளவைதான். ஆனால் புத்தகம் படித்த எங்களில் பலர், மோட்டார் எரிந்தது என்று கேட்டவுடன் காயில் கட்டச் சொல்லி அனுப்பிவிடுவோம். எதனால் எரிந்தது என்று பார்த்துச் சொன்ன பிறகே கூலி பேசியவர் எங்கள் மின்வாரியப் பிரிவுப் பகுதியில் அவர் ஒருவர்தான்.

அவரோடு எனக்குச் சண்டையும் உண்டு. விவசாய மின்சாரத்தில் மும்முனை நேரம் முடிந்ததும் ஒரு முனையை நிறுத்தி, வீடுகளுக்கு விளக்கெரிய மட்டும் இருமுனை விடுவோம். உடனே தோட்டத்துக்காரர்கள் கண்டென்சர் (மின்தேக்கி) போட்டு இருமுனையிலேயே மோட்டாரை ஓட்டுவார்கள். டிரான்ஸ்பார்மர் சூடாகும், பக்கத்துத் தோட்டத்து மோட்டாரும் சேர்ந்து வேகும், எங்களுக்குத் திட்டு விழும். "உங்கள் கடையில்தான் கண்டென்சர் போட்டுத் தருகிறீர்களாம்" என்று ஒரு முறை நேரில் போய்ச் சத்தம் போட்டேன். அவர் என்னை உட்கார வைத்து, டீ வரவழைத்து, அந்த மாதத்து நோட்டைப் புரட்டிக் காட்டினார். கண்டென்சரில் ஓடி எரிந்து வந்த மோட்டார்கள் 11. ஒவ்வொன்றுக்கும் எதிரே "சொல்லியாச்சு" என்று எழுதியிருந்தது. "எனக்கு இதுல வேலை வருதுங்க. ஆனா நான் சொல்லாம இருக்கல" என்றார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சாளைவீட்டு அம்மிணி எழுதியது:

இங்கே பெண்கள் அதிகம் எழுதுவதில்லை. எனினும் நான் எழுதாமல் இருந்தால் அவருக்குச் செய்ய வேண்டிய மரியாதை குறைந்துவிடும்.

என் வீட்டுக்காரர் இறந்தபோது எனக்கு வயது 34. நான்கு ஏக்கர், ஒரு கிணறு, ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு), இரண்டு குழந்தைகள். மோட்டார் ரூம் கதவைக்கூட நான் அதுவரை திறந்ததில்லை. பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஓடும், சிவப்பை அழுத்தினால் நிற்கும் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. கருமாதி முடிந்த இரண்டாவது வாரம் போர் மோட்டார் நின்றுவிட்டது. பங்காளிகள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எல்லா யோசனையும் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிடு என்பதில் வந்து முடிந்தது.

காயில்கடை அண்ணன் வந்தார். பங்காளிகள் அவரிடம் பேசப் போனார்கள். அவர், "தோட்டம் யாருதுங்க? அவிங்ககிட்டத்தான் சொல்லோணும்" என்று சொல்லிவிட்டு என்னை மோட்டார் ரூமுக்குள் அழைத்தார். ஸ்டார்ட்டர் பெட்டியில் இருந்த ஆம்ப் மீட்டரின் கண்ணாடியைத் தன் துண்டால் துடைத்தார். அதன்மேல் பூசணம் படிந்து எத்தனை வருடமாயிற்றோ. மோட்டாரைச் சரிசெய்து ஓடவிட்ட பிறகு, முள் நின்ற இடத்தில் என் குங்குமச் சிமிழிலிருந்து ஒரு துளி எடுத்து வைக்கச் சொல்லி வாயெடுத்தவர், என் நெற்றியைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார். பிறகு தானே சுண்ணாம்பை எடுத்து அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார். "அம்மிணி, முள்ளு இந்தக் கோட்டுல நின்னா நல்லா ஓடுதுன்னு அர்த்தம். மேல ஏறுனா உள்ள எங்கியோ இறுகுது, இல்ல கரண்டு சரியில்ல. கீழ எறங்குனா போர்ல தண்ணி இல்ல, மோட்டாரு வெறும் வயித்துல ஓடுது. எப்பிடிப் போனாலும் செவப்ப அமுக்கிட்டு எனக்கு ஆள் அனுப்புங்க" என்றார்.

அவ்வளவுதான் பாடம். அதைக்கொண்டு 19 ஆண்டுகளாகத் தோட்டத்தை ஓட்டுகிறேன். 2012-இல் கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்றே தெரியாமல் இருந்த காலத்தில், நள்ளிரவு ஒரு மணிக்கு டார்ச் விளக்கோடு போய் அந்தக் கோட்டைப் பார்த்து ஓட்டியிருக்கிறேன். சுண்ணாம்பு உதிர்ந்த பிறகு என் மகன் அதே இடத்தில் ஆணியால் கீறி வைத்திருக்கிறான்.

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி சாலை) எழுதியது:

அம்மிணி எழுதியதைப் படித்த பிறகு, நான் எழுத நினைத்திருந்ததில் பாதியை விட்டுவிட்டேன்.

அவருடைய காதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தோட்டத்துக்கு வந்தவுடன் கருவி எதையும் எடுக்க மாட்டார். நீளமான திருப்புளியின் நுனியை மோட்டாரின் பேரிங் மூடிமேல் ஊன்றி, மரக் கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி நிற்பார். முன்பக்கம் ஒரு முறை, பின்பக்கம் ஒரு முறை. சத்தம் கரகரவென்று வந்தால் பேரிங். விட்டுவிட்டு உரசினால் ரோட்டார் (உள்ளே சுழலும் பகுதி) ஸ்டேட்டரில் தொடுகிறது. ஒன்றும் இல்லாவிட்டால் பம்புப் பக்கம் போய், தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரைப் பார்ப்பார். ஒரு முறை நானும் அப்படி வைத்துக் கேட்டேன். எனக்கு எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் இருந்தது. "பத்து வருசம் கேட்டா பிரியும்" என்று சிரித்தார்.

திறந்த கிணறு வற்றி, எல்லோரும் ஆயிரம் அடிக்குப் போர் போடத் தொடங்கியதும் அந்தத் திருப்புளிக்கு வேலை குறைந்துவிட்டது. பூமிக்கடியில் 800 அடியில் கிடக்கும் சப்மெர்சிபிளில் (நீர்மூழ்கி மோட்டாரில்) எதைக் கொண்டுபோய்க் காதை வைப்பது? ஆனால் அவர் அதையும் கற்றுக்கொண்டார். 50 வயதுக்கு மேல், தன் மகன் வயதுள்ள ஒருவரிடம் போய் உட்கார்ந்து கற்றார். தண்ணீருக்குள்ளேயே ஓடும் மோட்டாருக்குப் பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியை ஸ்டேட்டரின் காடிக்குள் (பள்ளத்துக்குள்) ஊசி கோப்பதுபோல ஒவ்வொரு சுற்றாக இழுக்க வேண்டும். அச்சில் சுற்றி ஒரேயடியாகப் போட முடியாது. கடைசியில் உள்ளே நல்ல தண்ணீர் நிரப்பி, காற்றுக் குமிழி முழுவதும் வெளியேறும்வரை காத்திருந்து மூட வேண்டும். பலர் அந்தக் காத்திருப்பைச் செய்வதில்லை. இவர் நிரப்பி வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டு முடிக்கும்வரை மூடியைத் தொட மாட்டார்.

தக்காளிக்காரன் எழுதியது:

எல்லோரும் மாலை சாற்றுகிறீர்கள். இறந்தவரைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் நடந்ததையும் யாராவது சொல்ல வேண்டும்.

ஒரு சித்திரை மாதம், இரண்டு ஏக்கர் தக்காளி காய் பிடித்து நின்ற நேரத்தில் என் 7½ எச்.பி. மோட்டார் எரிந்தது. அவரிடம் கொடுத்தேன். மூன்று நாளில் தருகிறேன் என்றார், ஒன்பது நாள் ஆயிற்று. ஒவ்வொரு நாளும் கடைக்குப் போய் நின்றேன். முடியாது என்று சொல்லியிருந்தால் வேறு கடைக்குக் கொண்டுபோயிருப்பேன். அவருக்கு யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாது. வந்த மோட்டாரையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்வார். கைபேசியும் எடுக்க மாட்டார். எனக்கு முக்கால் விளைச்சல் போயிற்று. காயில் நன்றாகத்தான் கட்டியிருந்தார், இன்றுவரை அதே காயில் ஓடுகிறது. ஆனால் தக்காளிக்கு அது தெரியாதே.

இதைச் சொல்வதால் எனக்கு அவர்மேல் மரியாதை இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். அதன் பிறகும் அவரிடமே கொடுத்தேன்.

கிணற்றுமேட்டான் எழுதியது:

தக்காளிக்காரர் சொன்னது உண்மை. அந்தக் குறை எனக்கும் நேர்ந்திருக்கிறது. ஆனால் ஒன்பது நாள் ஏன் ஆயிற்று என்பதில் நமக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். பலரிடமிருந்து பழைய பாக்கி வராத நிலையில் கம்பி வாங்கக் கையில் பணம் இல்லாமல் அவர் உட்கார்ந்திருந்த நாட்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வெட்கத்தோடு சொல்கிறேன், அப்போது என் பாக்கியும் நின்றது.

கோவை அடுக்ககம் எழுதியது:

நான் அந்தப் பகுதியில் பிறந்து, இப்போது நகரத்தில் வசிப்பவன். அவருடைய நோட்டுகளில் மோட்டார் விவரங்கள் எல்லாம் இருக்குமானால், அவற்றை ஸ்கேன் செய்து இங்கே பதிவேற்றினால் மற்ற காயில் கட்டுபவர்களுக்குப் பயன்படுமே?

பழைய கையாள் எழுதியது:

நான் அவரிடம் 1996 முதல் ஏழு ஆண்டுகள் வேலை பழகினேன். பிறகு நூற்பாலையில் மின்பராமரிப்பு வேலைக்குப் போய்விட்டேன். கடையை ஒழுங்குபடுத்த வீட்டார் என்னைத்தான் அழைத்திருக்கிறார்கள். ஆகவே நோட்டுகளைப் பற்றி நானே சொல்கிறேன்.

முதலில், வேலை பழகிய விதம். முதல் இரண்டு வருடம் கம்பியைத் தொட விடவில்லை. லெதராய்டு தாளை (மின்சாரம் கடத்தாத தாள்) அளவாக வெட்டி, ஓரத்தை மடித்து, ஸ்லாட்டுக்குள் (காடிக்குள்) செருகுவது ஒரு வேலை. மூங்கிலைச் சீவி, காயில் வெளியே வராமல் ஸ்லாட்டின் வாயை அடைக்கும் ஆப்பு செதுக்குவது இன்னொரு வேலை. ஆப்பு ஒரு நூல் அளவு தடித்தால் உள்ளே போகாது, மெலிந்தால் ஓடும்போது கழன்று ரோட்டாரில் விழும். நான் செதுக்கிய ஆப்புகளை ஒரு டப்பாவில் போட்டு, மாலையில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார். சரியில்லாததை ஒன்றும் சொல்லாமல் டீ அடுப்பில் போட்டுவிடுவார். முதல் மாதம் எங்கள் கடை டீக்கு விறகு வாங்கவே இல்லை.

எரிந்த காயிலை எடுப்பதற்குப் பல கடைகளில் ஸ்டேட்டரை நெருப்பில் போட்டுவிடுவார்கள். வார்னிஷ் எரிந்து கம்பி சுலபமாக வரும். இவர் விடமாட்டார். இரும்புத் தகடுகளுக்கு இடையே உள்ள பூச்சும் சேர்ந்து எரிந்துவிடும், பிறகு எத்தனை நல்ல காயில் கட்டினாலும் மோட்டார் சூடேறும், கரண்டும் அதிகம் இழுக்கும் என்பார். உளியால் ஒரு பக்கத்துத் தலைப்பை வெட்டி, மறுபக்கம் குறடு போட்டு இழுப்போம். அரை நாள் வேலை. "கரண்டுதான் இலவசமாச்சே, கூட இழுத்தா என்ன?" என்று நான் ஒரு முறை கேட்டேன். "டிரான்ஸ்பார்மருக்கு இலவசம்னு தெரியாதுடா" என்றார்.

சுற்று எண்ணும்போது வாய்விட்டு எண்ணுவார். அந்த நேரத்தில் யார் வந்து அழைத்தாலும் தலை நிமிராது. தக்காளிக்காரர் வாசலில் நின்றதை அவர் கவனிக்காமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கட்டி முடித்ததும் வார்னிஷ் ஊற்றி, ஒரு தகர டிரம்முக்குள் வைத்து, 200 வாட் பல்புகள் மூன்றை எரியவிட்டு இரவு முழுவதும் காய வைப்பார். அந்த வார்னிஷ் வாசனைதான் எனக்கு அவருடைய வாசனை.

இப்போது நோட்டு. மொத்தம் 14 நோட்டுகள் இருக்கின்றன. கோவை அடுக்ககம் கேட்டபடி பதிவேற்றுவது நடக்காது. அவற்றில் ஆள் பெயரோ ஊர்ப் பெயரோ கிடையாது. எல்லாம் கிணற்றின் பெயரில்தான் இருக்கின்றன. "வேப்பமரத்துக் கிணறு, 5 எச்.பி., 24 ஸ்லாட், 20 கேஜ், 52 சுற்று" என்று ஒரு வரி (கேஜ் என்பது கம்பியின் தடிமன்). அதற்குக் கீழே, "மேற்கால கம்பம் லூஸ், சொல்லியாச்சு" என்று ஒரு வரி. "பெரியவர் கிணறு, அடியில் மணல் வருது, மூணு மாசத்தில் மறுபடி வரும்" என்று இன்னொன்று. வாசகருக்குக் கிணறு தெரிந்தால்தான் நோட்டு பேசும்.

நோட்டுகளின் பின்பக்கத்தில் பாக்கிக் கணக்கு இருக்கிறது. அதுவும் கிணற்றின் பெயரில்தான். 150 ரூபாயிலிருந்து 4,200 ரூபாய்வரை. 1998-ஆம் வருடத்து வரிகளும் பணம் வந்ததாகக் கோடு போட்டு அடிக்கப்படாமல் நிற்கின்றன. வரிகளை எண்ணினேன், 143 இருக்கின்றன. மொத்தத் தொகையை நான் கூட்டவில்லை. வீட்டம்மா கூட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். யாரையும் கேட்கப் போவதில்லை என்றும் சொன்னார்.

தென்னந்தோப்பு எழுதியது:

நூற்று நாற்பத்து மூன்றா?

ஓய்வுபெற்ற வயர்மேன் எழுதியது:

எனக்கு வியப்பில்லை. ஒரு யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்த்தியதை எதிர்த்து 1970-இல் பெருமாநல்லூரில் மூன்று உழவர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்ட வட்டாரம் இது. அன்று உழவனால் அந்த ஒரு பைசாவைக் கொடுக்க முடியவில்லை என்பது உண்மை. 1990-இல் விவசாயத்துக்கு மின்சாரம் முழுக்க இலவசமாயிற்று. அதன்பின் மோட்டார்கள் பெருகின, எச்.பி. கூடியது, தண்ணீர் கீழே போகப் போக எரிவதும் கூடியது. கரண்டுக்குப் பில் வருவதில்லை என்ற பழக்கத்தில், காயிலுக்கும் பில் இல்லை என்று நாமாகவே நினைத்துக்கொண்டோம். போராட வேண்டிய இடத்தில் போராடிய நாம், கொடுக்க வேண்டிய இடத்தில் "தேங்காய் போட்டதும் தருகிறேன் அண்ணா" என்று சொல்லியே காலத்தை ஓட்டியிருக்கிறோம்.

தக்காளிக்காரன் எழுதியது:

வயர்மேன் ஐயா சொல்வது கடுமையாக இருக்கிறது. தோட்டத்துக்காரன் கையில் பணம் எப்போது இருந்தது? விளைச்சல் வந்தால் விலை இல்லை, விலை வந்தால் விளைச்சல் இல்லை. அவரும் இது தெரிந்துதான் விட்டுக்கொடுத்தார். நட்பில் பாக்கி இருக்கும்தானே. அதை இப்போது தோண்டிக் குற்றமாக்க வேண்டுமா?

சாளைவீட்டு அம்மிணி எழுதியது:

தம்பி, நட்பில் பாக்கி இருக்கலாம். ஆனால் மகனுக்குச் சீர் செய்தோம், மருமகளுக்கு நகை போட்டோம், கோயில் கும்பாபிஷேகத்துக்கு எழுதினோம். அந்த வருடங்களிலும் இவர் வரி மட்டும் அடிக்கப்படாமல் நின்றிருக்கிறதே. மேளக்காரருக்கும் பந்தல்காரருக்கும் கையோடு கொடுத்தோம். இவரை "நம்ம அண்ணன்தானே" என்று கடைசியில் வைத்தோம். நண்பர் என்பதால் அவருக்குத்தான் முதலில் கொடுத்திருக்க வேண்டும். நான் கொடுத்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் எனக்கு இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பழைய கையாள் தம்பி, "இரட்டைத் தென்னைக் கிணறு" என்று ஏதாவது வரி இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்.

பழைய கையாள் எழுதியது:

அம்மா, பார்த்தேன். ஒரு வரி இருக்கிறது, 2009-ஆம் வருடத்தில் 650 ரூபாய். ஆனால் அது அடிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் "தட்டப்பயறு ஒரு மூட்டை" என்று எழுதியிருக்கிறார்.

சாளைவீட்டு அம்மிணி எழுதியது:

ஆமாம், கொடுத்தேன். மறந்தே போய்விட்டது. நன்றி தம்பி.

கிணற்றுமேட்டான் எழுதியது:

நேற்றுக் கடைக்குப் போய்வந்தேன். எங்கள் கிணற்றை அவர் "அப்பாரு வெட்டுனது" என்று எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பெயரில் ஐந்து வரிகள், மொத்தம் 5,300 ரூபாய். அதில் மூன்றை நான் கொடுத்துவிட்டதாகவே இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தேன். வாதாடுவதற்கு எதிரே ஆள் இல்லை. தொகையைக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டம்மா முதலில் வாங்க மறுத்தார். இது உதவி இல்லை, கூலி என்று சொன்ன பிறகு வாங்கிக்கொண்டு, என்னையே நோட்டில் அடிக்கச் சொன்னார். அவர் வைத்திருந்த மழுங்கிய பென்சிலாலேயே அடித்தேன்.

இந்த இழையைப் படிப்பவர்களுக்கு ஒரு யோசனை. கிணற்றின் பெயரை மட்டும் இங்கே எழுதுங்கள், தொகையைப் பொதுவில் கேட்க வேண்டாம். பழைய கையாள் தம்பி தனிச்செய்தியில் சொல்லுவார். கொடுப்பதும் கொடுக்காததும் அவரவர் விருப்பம். தக்காளிக்காரர் கேட்டதுபோல் யாரையும் குற்றவாளியாக்க நான் விரும்பவில்லை, என்னைத் தவிர.

தக்காளிக்காரன் எழுதியது:

"ஆலாங்காட்டுக் கிணறு." இதைப் பார்த்துச் சொல்லுங்கள். என் அப்பா காலத்துப் பாக்கியாகவும் இருக்கலாம்.

பழைய கையாள் எழுதியது:

தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.

கடையில் கிடந்த நான்கு மோட்டார்களில் மூன்றுக்கு ஆள் வந்துவிட்டது. நான்காவதுதான் இன்னும் தெரியவில்லை. 5 எச்.பி. மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பது), பெயர்த்தகடு இல்லை, பச்சைப் பெயிண்டின்மேல் சிவப்பு அடித்திருக்கிறது, அடிக்காலில் ஒன்று உடைந்து வெல்டிங் வைத்தது. 24 ஸ்லாட்டில் 16 ஸ்லாட் நிரம்பியிருக்கிறது. மீதிக் காயில்களையும் அச்சில் சுற்றி, நூலால் கட்டி, மேசைமேல் வரிசையாக வைத்திருக்கிறார். ஆப்புகளும் செதுக்கி டப்பாவில் கிடக்கின்றன. கடைசி நோட்டில் இதற்கான வரி, "வண்டிப்பாதைக் கிணறு" என்று இருக்கிறது. யாருடையது?

புதிய உறுப்பினர் எழுதியது:

வணக்கம். இந்த இழையை என் மைத்துனர் அனுப்பினார். வண்டிப்பாதைக் கிணறு எங்களுடையது. அந்தக் காலை வெல்டிங் வைத்ததும் அவர்தான். நான் வெளியூரில் இருந்ததால் செய்தி தெரியவில்லை. நடவு தள்ளிப்போனதால் எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. அதை வேறு கடைக்கு எடுத்துப்போக மனம் வரவில்லை. அவர் சுற்றி வைத்த காயில்களையே போட்டு நீங்கள் முடித்துத் தர முடியுமா? கூலியை இரண்டாகப் பிரித்து, அவருடைய பங்கை வீட்டம்மாவிடமும் உங்களுடையதை உங்களிடமும் கொடுக்கிறேன்.

பழைய கையாள் எழுதியது:

முடித்துத் தருகிறேன் அண்ணா. எனக்கு ஞாயிறுதான் விடுமுறை. சனிக்கிழமை இரவே வந்து மீதியைப் போட்டு, கனெக்‌ஷன் கொடுத்து, வார்னிஷ் ஊற்றி டிரம்மில் வைத்துவிடுகிறேன். பல்பு மூன்றில் ஒன்று ஃபியூஸ் போயிருக்கிறது, வரும்போது 200 வாட்டில் ஒன்று வாங்கி வர வேண்டும். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மேல் வண்டியோடு வாருங்கள், மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்து, உங்கள் எதிரிலேயே ஓட்டிக் காட்டுகிறேன். எடுத்த பழைய கம்பியும் சாக்கில் அப்படியே இருக்கிறது. அதன்மேல் எடையைச் சுண்ணாம்பால் எழுதி வைத்திருக்கிறார்.